சிவப்பில் வைத்தும் குளிர்

இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பழி போட ஆள் கிடைத்தால் போதும், சாப்பாடுகூட வேண்டாம். செருப்புக் கடித்தால் கடைக்காரன் மேல் தப்பு. சட்டை இறுக்கினால் தையல்காரன் மேல் தப்பு. தொப்பையைக் குனிந்து பார்க்கிறவன் ஒருத்தனும் இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் இதைத் தினமும் சொல்வார். அன்றைக்கும் காருக்குள் உட்கார்ந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பல் கிடுகிடுவென்று அடித்ததில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை.

"ஹீட்டரைச் சிவப்புல வச்சியாம்மா?"

"வச்சிட்டேன் மாஸ்டர்."

"முழுசா?"

"இதுக்கு மேல திருப்பினா குமிழ் கையோட வந்துடும்."

திருகுகுமிழ் சிவப்பில்தான் இருந்தது. ஆனால் துவாரங்களிலிருந்து வந்த காற்று, பிணத்தை வைக்கிற குளிர்பெட்டியிலிருந்து வருகிற மாதிரி வந்தது. முன்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. ஸ்டியரிங்கில் இருந்த தபால்காரம்மா புறங்கையால் துடைத்து ஒரு தட்டளவுக்கு வழி செய்து, அதன் வழியாக உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தபால்காரம்மாவுக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். இத்தனை காலம் சைக்கிளில் தபால் கொடுத்தவள். இப்போது ஆபீஸில் வேன் தருகிறேன் என்கிறார்கள், லைசென்ஸ் கேட்கிறார்கள். அதனால் மாஸ்டரிடம் வந்து சேர்ந்தாள். பக்கத்து சீட்டில் மாஸ்டர். பழகுகிறவர் தடுமாறினால் வண்டியை நிறுத்த அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, எல்லா டிரைவிங் ஸ்கூல் வண்டியிலும் இருக்கிற மாதிரி.

"அது சும்மா அழகுக்கு" என்பார் மாஸ்டர். "மத்த ஸ்கூல்ல வாத்தியான்தான் வண்டி ஓட்டுவான், படிக்கிறவன் வேடிக்கை பார்ப்பான். நான் அதைத் தொட்டதே கிடையாது."

ஒரு பால்வண்டி சந்திலிருந்து மூக்கை நீட்டியது.

"நில்லு!" என்று கத்தினார் மாஸ்டர்.

ஆபத்து என்றால் தபால்காரம்மாவின் இரண்டு கையும் சைக்கிள் பிரேக்கைத் தேடும். ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிப்பதுபோல நெரித்தாள். கார் சட்டென்று நின்றது.

"பாத்தியா? ஒரே வார்த்தை. நின்னுடுச்சு. அதுக்குப் பேருதான் பயிற்சி" என்றார் மாஸ்டர். அடுத்த நொடி துவாரத்திலிருந்து குளிர்காற்று ஒன்று அவர் மூக்கில் அறைந்தது.

அது வெறும் குளிர் என்றால் மப்ளரைச் சுற்றிக்கொண்டு போயிருப்பார். விஷயம் அதைவிடப் பெரியது. மாஸ்டர் அனுப்புகிற ஆளெல்லாம் டெஸ்டில் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். டெஸ்ட் எடுக்கிற ஆபீசர் போன தடவை நேராகவே சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரே ஒரு ஆள் ஃபெயிலானாலும் உங்க ஸ்கூல் போர்டைக் கழட்டிட வேண்டியதுதான். இன்னொண்ணு, கண்ணாடியை ஆவி மூடின வண்டியில நான் ஏறமாட்டேன். அதையும் ஃபெயில்னுதான் எழுதுவேன்."

"அவருக்கு என் மூஞ்சி பிடிக்கலை. அதான் சாக்கு" என்று மாஸ்டர் வீட்டில் சொன்னார். ஆனால் அன்றிரவு போர்டைக் கீழே நின்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அவர் கையாலேயே எழுதிய போர்டு அது.

*

மெக்கானிக் வேறு யாரும் இல்லை, மாஸ்டரின் வீட்டுக்காரிக்குத் தம்பி. அதனாலேயே மாஸ்டருக்கு அவன்மேல் நம்பிக்கை இல்லை.

"மாப்ளே, ஹீட்டர் குளிர்காத்து விடுது."

"ஷெட்டுக்குள்ள விடுங்க மச்சான், பாக்கலாம்."

எஞ்சினை ஓடவிட்டான். கொஞ்ச நேரத்தில் துவாரங்களிலிருந்து புழுக்கமாகக் காற்று வந்தது. மெக்கானிக் கையை நீட்டிக் காட்டினான்.

"வச்சுப் பாருங்க. ஈரத் துணி காயப்போடலாம்."

"இங்க சூடாத்தான் வரும். ரோட்டுல போனா குளிரும்."

"ரோட்டுக்கு ஒண்ணு, ஷெட்டுக்கு ஒண்ணுன்னு ஹீட்டர் வேஷம் போடுமா மச்சான்?" பானெட்டுக்குள் குனிந்தான். "கேளுங்க. எஞ்சினைச் சுத்தி ஓடுற சூடான தண்ணி இந்தக் குழாய் வழியா உள்ள வருது. உள்ள ஒரு மூடி இருக்கு. அது இப்படிச் சாஞ்சா சூட்டுக்காத்து, அப்படிச் சாஞ்சா வெளிக்காத்து. குமிழைத் திருப்பினா ஒரு கம்பி அந்த மூடியை இழுக்கும். அவ்வளவுதான் சமாச்சாரம். தண்ணி கொஞ்சம் குறைஞ்சிருக்கு. உள்ள காத்து அடைச்சிருக்கும். எடுத்து விடறேன்."

தண்ணீர் ஊற்றினான், காற்றை வெளியேற்றினான். மாஸ்டர் பக்கத்திலேயே நின்று அவன் ஊற்றுவது தண்ணீர்தானா என்று மோந்து பார்த்தார்.

மறுநாள் ரோட்டில், குளிர் அப்படியே இருந்தது. கூடவே டேஷ்போர்டுக்குள் யாரோ வாய் கொப்பளிக்கிற சத்தம்.

"மாஸ்டர், உள்ள யாராவது இருக்காங்களா?" என்றாள் தபால்காரம்மா.

"இருக்கான். என் மச்சினன். வாயைத் திறந்து பொய் சொல்றான். ரோட்டைப் பாரு!"

*

இரண்டாவது தடவை மெக்கானிக், எஞ்சின் சூட்டைப் பார்த்துத் தண்ணீருக்கு வழி திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட்டை மாற்றினான். பழையதைத் துடைத்து மறுபடி மாட்டிவிடுவான் என்று மாஸ்டர் அதில் முன்கூட்டியே பெயின்டால் ஒரு பொட்டு வைத்திருந்தார்.

மெக்கானிக் பொட்டு வைத்ததைக் கழற்றி அவர் கையில் கொடுத்தான். "வீட்டுல கண்ணாடி அலமாரியில வைங்க மச்சான். என்மேல வச்ச நம்பிக்கைக்கு நினைவா இருக்கட்டும்."

இந்தத் தடவை கதை மோசமானது. முன்னே சூடு என்றால் வெறும் சூடு. இப்போது வண்டி நிற்கும்போது காலடியில் அடுப்பு. தபால்காரம்மாவின் மழைக்கோட்டு உருகுகிற வாசனையே வந்துவிட்டது. சரி, சூடு வந்துவிட்டதே என்று மாஸ்டர் மப்ளரைக் கழற்றினார். வண்டி தெருமுனையைத் தாண்டியது. எதிரே ஒரு லாரி. "நில்லு!" என்றார். கார் நின்றது. பனிக்கட்டி மாதிரிக் காற்று வேர்த்த கழுத்தில் இறங்கியது.

மாஸ்டருக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. தும்முகிற வேகத்தில் வண்டியும் குலுங்கிக் குலுங்கி நின்றது. ஒவ்வொரு தும்மலுக்கும் ஒரு நிறுத்தம். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனான்.

"மாஸ்டர், ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் தபால்காரம்மா.

"ரோட்டைப் பாரு!"

*

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் தானே சோதனையில் இறங்கினார். யாரையும் நம்பினால்தானே? தான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். பக்கத்து சீட்டில் வீட்டுக்காரியை உட்காரவைத்தார். குளிரும் என்று சொல்லி அவள் தலையில் ஒரு கம்பளியைப் போர்த்தினார்.

ஊரைச் சுற்றினார்கள். மேடு ஏறினார்கள், பள்ளம் இறங்கினார்கள். சிக்னலில் நின்றார்கள். ஹீட்டர் குழந்தைக்கு வெந்நீர் ஊற்றுகிற பதத்தில் இதமாக வீசிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்காரி கம்பளியை எடுத்து மடியில் வைத்தாள். "ஏங்க, நல்லாத்தானே இருக்கு? என் தம்பியைப் போய்க் கண்டபடி பேசினீங்களே."

மாஸ்டர் துவாரத்தில் மறுபடி கையை வைத்துப் பார்த்தார். மறுநாள் அதே சீட்டில் அவர் உட்கார, தபால்காரம்மா ஓட்ட, அதே ரோடு, அதே மேடு. குளிர் எலும்புவரை போனது.

வீட்டுக்கு வந்து இடிந்துபோய் உட்கார்ந்தார். "நீ ஏறினா சூடு. நான் ஏறினா குளிரு. என்னடி நடக்குது இங்க?"

"வண்டிக்கே தெரிஞ்சிருக்கு, யாரு நல்லவங்கன்னு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

மாஸ்டருக்கு அப்போது ஒன்று பளிச்சென்று பட்டது. அக்காவும் தம்பியும் கூட்டு. அக்கா ஏறினால் மட்டும் சூடு வருகிற மாதிரி அவன் என்னவோ செய்து வைத்திருக்கிறான். என்ன செய்தான் என்று தெரியவில்லை. தெரியாததுதான் ஆதாரம்.

டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு, டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். மெக்கானிக் சொன்ன அந்தக் கம்பி தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. "அடப்பாவி, மாட்டவே இல்லை!" பக்கத்தில் கெட்டியாக ஒரு இரும்புத் தண்டு போனது. அது என்ன தண்டு என்று அவர் யோசிக்கவில்லை. கெட்டியாக இருந்தது, போதும். கம்பியைத் தண்டோடு சேர்த்து வைத்துக் கட்டுக்கம்பியால் சுற்றி, குறடால் முறுக்கி, செத்தாலும் அவிழாத முடிச்சாகப் போட்டார்.

"இனிமே எவன் கைவச்சாலும் ஆடாது" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

*

மறுநாள் கிளம்பியதும் இதமான சூடு. மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"பாத்தியாம்மா? மெக்கானிக் எதுக்கு? புத்தி இருந்தா போதும்."

"ஆமா மாஸ்டர்."

ஒரு நாய் குறுக்கே ஓடியது. "நில்லு!"

டேஷ்போர்டுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். எல்லாத் துவாரங்களும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன. குளிர்காற்றோடு, எத்தனையோ காலமாக உள்ளே கிடந்த சருகும் தூசியும் இறகும் ஒரு பூச்சிக்கூடும் மாஸ்டரின் முகத்தில் வந்து அப்பின. நாய் தபால்காரம்மாவைப் பார்த்துக் குரைக்க வந்ததுதான். மாஸ்டரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டது.

மாஸ்டர் வாயிலிருந்த இறகைத் துப்பினார். கொஞ்ச நேரத்தில் காற்று தானாகவே மறுபடி சூடானது. அடுத்த "நில்லு!"வுக்கு மறுபடி பனி. சூடு, பனி, சூடு, பனி. சுவிட்ச் போட்டு அணைப்பது போல.

தபால்காரம்மா ஓரக்கண்ணால் கீழே எங்கேயோ பார்த்தாள். ஒரு திருப்பம் போனபிறகு மறுபடி பார்த்தாள்.

"மாஸ்டர், இப்பவாவது ஒண்ணு சொல்லட்டுமா?"

"நீ சொல்லிக்கொடுக்க வந்தியா, கத்துக்க வந்தியா? ரோட்டைப் பாரு!"

"சரி மாஸ்டர்" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மாஸ்டரின் தூக்கத்தைக் கெடுத்தது. ஹீட்டர் சரியாகிவிட்டது. நாள் போகப் போக இன்னும் சரியாகிக்கொண்டே வந்தது. தெருமுனையில் சூடு, சிக்னலில் சூடு, சந்தையில் கூட்டத்துக்கு நடுவிலும் சூடு. "நில்லு" என்று சொல்ல மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் வண்டி நின்றிருந்தது. வேலையில்லாமல் அவருக்குக் கால் மரத்துப்போனது.

நேராக மச்சினனிடம் போனார்.

"ஹீட்டர் நல்லா வேலை செய்யுது. என்ன பண்ணினே?"

"நான் தொடவே இல்லையே மச்சான்."

"தொடாம எப்படி நல்லாகும்? என்கிட்ட சொல்லாம எதையோ மாத்தியிருக்கே."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "ஹீட்டர் வேலை செய்யலைன்னு வருவாங்க. வேலை செய்யுதுன்னு சண்டைக்கு வந்த முதல் ஆள் நீங்கதான் மச்சான்."

டெஸ்டுக்கு முந்தின நாள். கடைசிப் பயிற்சி. நாளைக்கு இந்தம்மா தோற்றால் போர்டு போச்சு. ஒரு சைக்கிள் தூரத்தில் தெரிந்தாலும் "நில்லு!" ஒரு இலை விழுந்தாலும் "நில்லு!" அன்றைக்கு முழுக்கப் பனிதான். கண்ணாடி சுவராட்டம் மூடிக்கொண்டது. தபால்காரம்மா கையுறைமேல் கையுறை போட்டுக்கொண்டு ஓட்டினாள்.

"முடிஞ்சுது" என்றார் மாஸ்டர். அவர் முகம் வெளுத்துவிட்டது. "நாளைக்கு ஆபீசர் வண்டியிலயே ஏறமாட்டார்."

"நாளைக்கு நல்லாயிடும் மாஸ்டர்" என்றாள் அவள்.

"எப்படி?"

"நாளைக்கு நீங்க வரமாட்டீங்கல்ல?"

என்ன திமிர் பார்த்தீர்களா? மாஸ்டர் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார்.

*

ஆபீசர் கனமான கோட்டும் குல்லாவுமாக வந்து பக்கத்து சீட்டில் ஏறினார். கார் டெஸ்ட் ஆபீஸ் வளாகத்தைவிட்டு வெளியே போய்த் திரும்பி மறைந்தது. மாஸ்டரும், ஒரு தைரியத்துக்காக அவர் இழுத்து வந்திருந்த மெக்கானிக்கும் சுவரோரமாக நின்றார்கள்.

"பாலத்துக்கிட்டயே கண்ணாடி மூடிடும்" என்றார் மாஸ்டர்.

"மூடாது மச்சான்."

"நடந்து வருவார் பாரு. கோவமா நடந்து வருவார்."

கார் திரும்பி வந்தது. கண்ணாடி துடைத்து வைத்த தட்டுப்போல் பளபளத்தது. தரையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டை ஒட்டி, எந்தக் குலுக்கலும் இல்லாமல், பஞ்சுமேல் பூனை உட்கார்கிற மாதிரி வந்து நின்றது. ஆபீசர் இறங்கினார். குல்லா இல்லை. கோட்டு கையில் மடித்துக் கிடந்தது. கழுத்துப் பட்டன்கூடத் திறந்திருந்தது.

"பாஸ்" என்றார்.

மாஸ்டருக்கு ஒரு நிமிஷம் காது கேட்கவில்லை. கேட்டதும் முதலில் வாயில் வந்தது: "ஹீட்டர்?"

"அருமை. எங்க வீட்டுல கூட இப்படி ஒரு சூடு கிடையாது."

"இருக்காது."

"என்ன இருக்காது?"

"இருக்கவே இருக்காது சார். நேத்து இதுல பனி கொட்டிச்சு." மாஸ்டர் விடுவிடுவென்று போய்ப் பக்கத்து சீட்டில் ஏறினார். "எடும்மா வண்டியை. இங்கயே ஒரு சுத்து சுத்து."

கார் நகர்ந்தது. சுவர் கொஞ்சம் பக்கத்தில் தெரிந்தது. "நில்லு!" டேஷ்போர்டுக்குள் 'டக்'. பனிக்காற்று.

"பாருங்க! பாருங்க சார்!" மாஸ்டர் வெற்றியோடு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "நான் சொல்லலை?"

ஆபீசர் கிட்டே வந்து, ஜன்னல் வழியாக உள்ளே குனிந்து பார்த்தார். துவாரத்தில் கை வைத்தார். பிறகு மாஸ்டரின் காலடியைப் பார்த்தார்.

"காலை எடுங்க."

"எந்தக் காலை?"

"பிரேக்மேல இருக்கிற காலை."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். அங்கே ஒரு கால் இருந்தது. அவருடைய ஷூதான் போட்டிருந்தது. யாரோ அங்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன மாதிரி அதைப் பார்த்தார். எடுத்தார். டக். சூடு.

"வைங்க."

டக். பனி.

மெக்கானிக் மறுபக்கம் வந்து டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டான். உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது.

"மச்சான்... ஹீட்டர் கம்பியை எதுல கட்டி வச்சிருக்கீங்க தெரியுமா? உங்க காலடி பிரேக் தண்டுல. ஓட்டுறவங்க மிதிச்சா இது அசையாது, நீங்க மிதிச்சாத்தான் அசையும். முன்னாடி லேசாச் சிக்கிக்கிட்டு இருந்திருக்கும். நீங்க கல்யாணமே பண்ணி வச்சிட்டீங்க."

"நான் பிரேக்கையே தொடறதில்லைடா!"

ஆபீசருக்கு முகம் மாறியது. சிரிப்பு இல்லை, அதிர்ச்சி. "இப்பப் புரியுது. உங்க ஆள் ஒருத்தர் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் 'நில்லு நில்லு'ன்னு வண்டியைப் பார்த்துக் கத்தினார். அது நிக்கலை. இன்னொருத்தர் சுவரைப் பார்த்துப் போயிட்டே என் மூஞ்சியைப் பார்த்தார், நான் நிறுத்துவேன்னு. ஓட்டத் தெரியாதவங்கன்னு நான் நெனச்சேன். இவ்வளவு பேர்ல ஒருத்தர்கூட இதுக்கு முன்னாடி பிரேக்கை மிதிச்சதே இல்லைய்யா!"

மாஸ்டர் இறங்கினார். கதவைச் சாத்தக்கூட இல்லை. போர்டு தப்பித்துவிட்டது என்பதுகூட அவர் மண்டையில் ஏறவில்லை. மச்சினனைப் பார்த்தார், ஆபீசரைப் பார்த்தார், ஸ்டியரிங்கில் இருந்த தபால்காரம்மாவைப் பார்த்தார்.

"எல்லாரும் கூட்டு" என்றார். "அவளும் கூட்டு, இவனும் கூட்டு. அந்தக் காலும் கூட்டு."

மப்ளரை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, காரை அப்படியே விட்டுவிட்டு, வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். "மச்சான், ஏறுங்க, போகலாம்" என்று மெக்கானிக் கூப்பிட்டான். அவர் கேட்கவில்லை. வாசலில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அவர் கால் தரையை ஓங்கி மிதித்தது. சைக்கிள் நிற்கவில்லை. அவர்தான் நின்றார். பிறகு மறுபடி நடந்தார்.

பின்னால் ஆபீசர் தபால்காரம்மாவைக் கேட்பது காதில் விழுந்தது. "ஏம்மா, மத்தவங்க யாருக்குமே வராத பிரேக் உனக்கு மட்டும் எப்படி இவ்வளவு பதமா வந்துச்சு? யாரு கத்துக்கொடுத்தாங்க?"

"ஹீட்டர்தான் சார். மாஸ்டர் கால் போறதுக்குள்ள நான் மிதிச்சு நிறுத்திட்டா, குளிராது."